ஒரு குன்றிமணி வெள்ளி

உங்கள் பையிலிருந்து ஒருவன் நூறு ரூபாயை உருவினால் 'திருடன், திருடன்' என்று கத்துவீர்கள். ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு பைசா எடுத்தால்? ஒருத்தரும் கத்தமாட்டார். அப்போது அது திருட்டா, இல்லையா?

இந்தக் கேள்வி 1682ல் ஸ்காட்லாந்தில் எழுந்தது. மன்னர் இரண்டாம் சார்லஸ். எடின்பரோவில், கௌகேட் தெருவில் நாணயச்சாலை. அங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு மெர்க் என்று பெயர். அந்த நாட்டுக் கணக்கில் 13 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு பக்கம் மன்னரின் முகம். மறுபக்கத்து லத்தீன் எழுத்தில் அவர் பிரான்ஸுக்கும் ராஜா! சுத்தப் பொய். ஆனால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. உள்ளே வெள்ளி சரியாக இருந்தால் போதும்.

இருந்ததா? நாணயச்சாலைத் தலைவர் சார்லஸ் மெயிட்லண்ட். அவருடைய அண்ணன் லாடர்டேல் பிரபுதான் மன்னர் பெயரில் ஸ்காட்லாந்தையே ஆட்டிவைத்தவர். அப்புறம் எவன் தராசைத் தூக்குவான்? 1680ல் அண்ணனுக்குப் பதவி போனது. 1682ல் தம்பி மேல் விசாரணை வந்தது. (நீதிக்கு எப்போதுமே நல்ல டைமிங்.) வெள்ளியில் கைவைத்தார், செப்புக் காசை அனுமதித்த அளவுக்கு மேல் அடித்துத் தள்ளினார் என்று குற்றச்சாட்டு. நாணயச்சாலையையே மூடிவிட்டார்கள்.

அதே காலத்தில், பக்கத்து இங்கிலாந்தில் காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி சேர்த்தவனை ராஜத்துரோகி என்று தூக்கில் போட்டார்கள். கத்தரிக்கோல் வைத்திருப்பவனுக்குக் கயிறு. காசு பிறக்கும்போதே குறைத்துவிட்டால் அபராதம்.

'ஆளுக்கு ஒரு குன்றிமணிகூடத் தேறாதே, யார் அழுதார்கள்?' என்று கேட்கலாம். சந்தையில் மீன் விற்கும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். காசை வாங்கி, முகத்தைப் பார்த்து, மடியில் போட்டுக்கொள்கிறாள். நிறுத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதில்லை என்ற அந்த நிம்மதிக்காகத்தான் காசில் ராஜா முகத்தையே போடுகிறார்கள். சுரண்டியது அந்த நிம்மதியை. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை. பறிகொடுத்தது அவளுக்கே தெரியாது என்பதால் குற்றம் சின்னதாகிவிடுமா? எனக்கென்னவோ, அதனாலேயே பெரிதாகிறது என்றுதான் படுகிறது. பிக்பாக்கெட்காரனாவது நீங்கள் கத்துவதற்கு ஒரு வாய்ப்புத் தருகிறான்.

மெயிட்லண்டுக்கு விதித்தது 72,000 பவுண்டு, இங்கிலாந்துக் கணக்கில். மன்னர் மனமிரங்கி 20,000 ஆகக் குறைத்தார். குடும்பத்தின் டட்ஹோப் கோட்டை 1684ல் மன்னரின் படைத்தளபதி ஜான் கிரஹாம் கைக்குப் போனது. மீன்காரியின் மடியில் அதே மெர்க்தான் இருந்தது.