"சின்ன ஆப்பரேஷன்தான்" என்று சொல்லலாமா?

வயிற்றில் ரண சிகிச்சை செய்யவேண்டுமென்று டாக்டர் தீர்மானித்தவுடன் நம் குடும்பங்களில் நடப்பதென்ன? டாக்டரின் அறைக்குள் மகன் போகிறான், மருமகன் போகிறான். அபாயங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு கட்டிலில் கிடக்கும் தகப்பனாரிடம் வந்து, "ஒன்றுமில்லை அப்பா, சின்ன ஆப்பரேஷன்தான்" என்கிறார்கள். அன்பினால் சொன்ன வார்த்தை, மெய்தான். ஆயினும் எட்டாங் கற்பனை அன்புள்ளவர்களுக்கு விதிவிலக்குத் தரவில்லை.

விஷயம் இலேசானதன்று. குடலை வெட்டி இணைத்த இடம் சில நாள் கழித்துக் கசியக்கூடும். கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். வலிக்கு அஞ்சி மூச்சை ஆழ இழுக்காதவருக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலில் போய் அடைப்பதும் உண்டு. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்வதில் அபாயம் குறைவு. குடல் அடைபட்டோ ஓட்டை விழுந்தோ அவசரமாய்ச் செய்வதில் அதிகம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட அவசர சிகிச்சைகளை 2013 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் 30 நாளுக்குள் மரிக்கிறார். மற்ற ஒன்பது பேர் பிழைக்கிறார்களே, அதைச் சொல்லாமல் விடுவதும் பாதிப் பொய்தான்.

"பயத்தினாலேயே செத்துப்போவார்" என்பார்கள். இந்த ஆட்சேபத்தை ஒரேயடியாய்த் தள்ளிவிட முடியாது. "எனக்கொன்றும் சொல்லவேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நோயாளியே சொன்னால் அது அவர் உரிமை. வலியத் திணிப்பது கொடுமை. ஆனால் அவரைக் கேளாமலே நாம் முடிவுகட்டிவிடுகிறோம். உயிர் அவருடையது, ஆத்துமமும் அவருடையது. பாகப்பிரிவினையில் பகைத்துப்போன தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச அவர் ஆசிக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசிக்கலாம். இவ்வளவு பாரமான சிகிச்சை இந்த வயதில் வேண்டாமென்றும் சொல்லலாம். அசாதாரண முறைகளைக் கையாள எவருக்கும் கட்டாயமில்லையென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்கமருந்து டாக்டர்களுக்குப் போதித்தார். விஷயமே தெரியாதவர் எதைத் தெரிந்துகொள்வார்?

குருவானவரைக் கண்டால் பயந்துவிடுவாரென்று அவரையும் தடுக்கிறார்கள். அறிவு தப்பினபின் ஆள் அனுப்புகிறார்கள்! அவஸ்தைபூசுதலை நோயிற் பூசுதல் என்றழைப்பதே அதிகப் பொருத்தமென்றும், அது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மாத்திரமல்லவென்றும் வத்திக்கான் சங்கம் 1963-லேயே அறிவித்தது. கடின வியாதிக்காகச் செய்யும் ரண சிகிச்சைக்கு முன் பூசலாமென்று 1972-ம் வருஷத்துச் சடங்குமுறை தெளிவாய்க் கூறுகிறது.

அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பரைப் பாருங்கள். 1981 மே 13-ல் வயிற்றில் குண்டு பாய்ந்து ரோமாபுரி ஜெமெல்லி ஆஸ்பத்திரியில் 5 மணி நேரத்துக்குமேல் ஆப்பரேஷன் நடந்தது. அதற்கு முன்பே அவருடைய காரியதரிசியான குரு அவருக்கு அவஸ்தை பூசினார். வீடு திரும்பியபின் வேறொரு தொற்றால் காய்ச்சல் கண்டு, ஜூன் மாதம் மறுபடி ஆஸ்பத்திரி. ஆகஸ்டில் இரண்டாம் ஆப்பரேஷன். பாப்பரசருக்கும் இந்தச் சிக்கல்கள் தப்பவில்லை. 1992 ஜூலை 12, ஞாயிறு மத்தியான ஜெபத்தின்போது, அன்று மாலை தாம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக அவரே ஜனங்களுக்குச் சொல்லி, வேண்டிக்கொள்ளக் கேட்டார். மூன்றாம் நாள் குடலிலிருந்த கட்டியை எடுத்தார்கள்.

ஆகவே, டாக்டரின் அறைக்குத் தகப்பனாரையும் கூட்டிப்போங்கள். செய்தால் என்ன அபாயம், செய்யாவிட்டால் என்ன அபாயம் என்ற இரண்டையும் அவர் காதுபடக் கேளுங்கள். நாள் குறித்தவுடன் பங்குக் குருவுக்குச் சொல்லியனுப்புங்கள். ஆப்பரேஷனன்று வெறும் வயிறாய் இருக்கச் சொல்வார்களாதலால், நற்கருணையை முந்தின நாளே வாங்குவது சௌகரியம்.