ஐயம் அறமாகுமா?

சிறுவர்க்குரிய நூல்களைப் பற்றிப் பெரியோர் கூடிப் பேசும்போது ஒரு தீர்ப்பு எளிதில் பிறந்துவிடும். வண்ணப் படநூல் நல்லது. மர்மக் கதை தீயது. முன்னது குழந்தையின் கண்ணுக்கு விருந்து. பின்னது உறக்கத்தைக் கெடுப்பது, பாடத்தை மறக்கச் செய்வது. இத்தீர்ப்பை நானும் நெடுங்காலம் ஏற்றிருந்தேன். ஆனால், நான் ஏற்றதற்குக் காரணம் வேறு. மர்மக் கதை குழந்தைக்கு ஐயப்படும் கலையைக் கற்பிக்கிறது. விருந்தினர் ஏன் இடக்கையால் கதவைத் திறந்தார், தோட்டக்காரரின் காலணியில் செம்மண் எப்படி வந்தது என்றெல்லாம் வினவச் சொல்கிறது. எவர் கை நீட்டினாலும் நம்பித் தாவும் பருவத்து உயிருக்கு ஐயத்தைப் புகட்டுவது அறமாகுமா? நம்பிக்கை குழந்தையின் பிறவிச் செல்வம் அல்லவா? அதை நாமே காசு கொடுத்து வாங்கிய நூலால் பறிக்கலாமா?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. 1983 ஆம் ஆண்டில் நாங்கள் தில்லிக் கரோல்பாகில் குடியிருந்தோம். என் மகனுக்கு அப்போது பத்து வயது. கருத்துப்பட ஓவியர் சங்கர் 1957 இல் தோற்றுவித்த குழந்தைகள் புத்தக அறக்கட்டளையின் நூலகத்துக்கு, பகதூர் ஷா ஜஃபர் சாலையிலுள்ள நேரு இல்லத்துக்கு, அவனை ஞாயிறுதோறும் அழைத்துச் செல்வது வழக்கம். ஊரிலிருந்து வரும் உறவினர் அம்புலிமாமாவும் கோகுலமும் முத்து காமிக்ஸும் கொண்டுவருவர். அவன் எதையும் விடமாட்டான்.

அவ்வாண்டு கோடையில் என் கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. மாமனார் அளித்த எச்.எம்.டி. கடிகாரம் அது. மகன் உடனே ஒரு குறிப்பேட்டை எடுத்தான். அதில் ஆறு பெயர்களை எழுதினான்: பால்காரர், செய்தித்தாள் போடுபவர், சலவைக்காரர், பெருக்க வரும் அம்மாள், மாடியில் புதிதாகக் குடிவந்த தனியாள், பின் எங்கள் வீட்டில் சிறுபணிகள் செய்துவந்த கடுவால் மலைநாட்டுச் சிறுவன். அவனுக்கு வயது பதின்மூன்றுதான் இருக்கும். அந்த வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்வது தவறென்று அந்நாளில் எங்கள் தெருவில் எவரும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை. அவன் பெயரின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள். காரணமும் எழுதியிருந்தான்: புருவத்தில் தழும்பு இருக்கிறது, நம்மை நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

நான் சிரித்தேன். சிரித்தவன் அத்தோடு நின்றிருக்கலாம். அன்று பிற்பகல் அச்சிறுவன் கடைக்குப் போயிருந்தபோது அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சட்டைகள், ஒரு சீப்பு, நூல் சுற்றிய ஒரு பொட்டலம். அடியில், அட்டை கிழிந்த ஒரு படநூல். என் மகன் ஐந்து வயதில் பார்த்துச் சலித்தது. பழைய தாள் வாங்குபவருக்கென நாங்கள் ஒதுக்கிய கட்டிலிருந்து எடுத்திருக்கிறான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினேன். வாயிலில் அவன் நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் நாள் என் அலுவலக மேசையின் இழுப்பறையில், கோப்புகளின் அடியில், கடிகாரம் கிடைத்தது. உணவு வேளையில் கை கழுவுமுன் கழற்றி வைத்தவன் நானேதான்.

அதன்பின் அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பலமுறை பார்த்தேன். ஆறு பெயர்களில் எங்கள் வீட்டார் ஒருவர் பெயரும் இல்லை. புருவத்துத் தழும்பை என் மகன் எங்கிருந்து பெற்றான் என்றும் தேடினேன். மர்மக் கதைகளின் சொற்களில் அது மிகுதியாக இல்லை. அது படங்களில் இருந்தது. ஓவியரைக் குறை கூறுவது எளிது. அவருடைய இடர்ப்பாடும் மெய்யானதே. ஐந்து வயதுக் குழந்தை ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்குள் இவன் நல்லவன், இவன் கள்வன் என்று தெரிந்தாக வேண்டும். எனவே கள்வனுக்குத் தழும்பு, மாறுகண், சவரம் செய்யாத தாடை, பெரும்பாலும் கருநிறம். சொல் நூறு கூறி நிறுவவேண்டியதைக் கோடு ஒன்றில் நிறுவிவிடுகிறது. நிறுவியது பொய்யென்று அதனோடு வாதிட வழியில்லை. படத்துக்கு ஏது எதிர்வாதம்?

இங்கிலாந்தின் எனிட் பிளைட்டன் சிறுவர்க்கு எழுதிக் குவித்தவர். அவருடைய நாடி என்னும் பொம்மைச் சிறுவனின் கதைகளுள் ஒன்றில், 1951 இல் வந்தது, நாடியை வழிமறித்துக் காரைப் பறிப்பவர்கள் கோலிவாக் எனப்படும் கரிய முகப் பொம்மைகள். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் உருவம் அது. பிற்காலப் பதிப்புகளில் அவற்றை நீக்கிக் குட்டிப் பூதங்களை வைத்துவிட்டனர். இம்மாற்றத்தைக் கேள்வியுற்றபோது, முகத்தை மாற்றி என்ன பயன், முகம் பார்த்துக் கள்வனை அறியும் பழக்கம் மாறவில்லையே என்று முதலில் எண்ணினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். குட்டிப் பூதத்தின் முகத்தோடு எவரும் தெருவில் நடப்பதில்லை. பதின்மூன்று வயதில் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதுமில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929 இல் வெளியிட்ட 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற சிறுவர் கதையை ஆங்கில வாயிலாகப் படித்தேன். முடி திருத்தும் தொழில் செய்து பிழைக்கும் தாய் நூற்று நாற்பது மார்க்கைத் தன் மகனிடம் தந்து, பெர்லினிலுள்ள பாட்டியிடம் அனுப்புகிறாள். சிறுவன் பணத்தைச் சட்டைப் பையின் உட்புறம் ஊசியால் குத்தி வைக்கிறான். ரயிலில் கண்ணயர்ந்தபோது பணம் போய்விடுகிறது. எடுத்தவர் உருமால் கட்டிய முரடர் அல்லர். நல்ல தொப்பி அணிந்து சாக்லேட் நீட்டிய கனவான். வால்டர் டிரியர் வரைந்த புகழ்பெற்ற மேலட்டையிலும் தெருவில் செல்லும் ஒரு தொப்பிக்காரரைத்தான் காண்கிறோம். அவர் முகத்தில் திருட்டைப் படிக்க இயலாது. எமில் காவலரிடம் ஓடுவதுமில்லை. ஊரிலுள்ள ஒரு சிலைக்குச் சிவந்த மூக்கும் மீசையும் வரைந்த குற்றம் அவன் நெஞ்சை உறுத்துகிறது. தானும் ஒருவகையில் குற்றவாளி என்றறிந்த சிறுவனே இங்குத் துப்பறிகிறான். நம் பணத்தைக் கள்வனிடமிருந்து மறைவாக எடுத்துக்கொண்டால் நாமும் கள்வரே ஆவோமா என்று அவனுடைய நண்பர்கள் நடுத்தெருவில் வழக்காடுகின்றனர். முடிவில், வங்கியில், எல்லாரும் பார்க்க, நோட்டுகளில் ஊசித் துளைகள் இருக்கின்றன என்று எமில் சொல்கிறான். துளைகள் இருக்கின்றன. வழக்கு முடிகிறது.

இதைப் படித்தபோது என் நெஞ்சில் எழுந்தது பெர்லின் அன்று, மதுரை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கற்ற அன்பர்கள் அறிவர்: கோவலனைக் கண்ட காவலர் அவனுடைய தோற்றத்தைப் பார்த்து, இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்றே முதலில் கூறினர். அவர்கள் கூறியது உண்மை. ஆனால் அவர்கள் கூறியது முகத்தை வைத்து. ஆகவேதான் பொற்கொல்லன் நகைத்துக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று தன் கல்வியை விரித்ததும் அவர்களுடைய இரக்கம் தளர்ந்தது. ஒரு களிமகன் வாளெடுத்தான். முகம் சொன்ன மெய்யும் முகம் சொன்ன பொய்யைப் போலவே வலுவற்றது. பிறகு அரசவையில் வழக்கைத் தீர்த்தது எது? சிலம்பின் உள்ளிருந்த பரல். முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தனர். ஊசித் துளையைப் போன்றே அது பொருளில் இருந்த சான்று, ஆளின் முகத்தில் இருந்ததன்று. உடைத்துப் பார்க்கும் முறை, வெட்டுவதற்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டியது.

மணிமேகலை ஆசிரியர் அளவைக் குற்றங்கள் எட்டினைக் கூறுமிடத்து, ஐயத்தையும் தேராது தெளிதலையும் தனித்தனியே வைத்தார். தொலைவில் நிற்பது தறியோ மனிதனோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமல் தறியை மனிதன் என்றே கொள்வது தேராது தெளிதல். இரண்டும் குற்றமே எனினும் ஒன்றல்ல. முன்னவன் இன்னும் அருகே சென்று பார்க்கக் கூடும். என் மகனின் பட்டியலில் ஐந்து பெயர்கள் ஐயம். ஆறாவதன் கீழிட்ட இரு கோடுகள் தேராது தெளிதல். நான் மர்மக் கதையின் மீது சுமத்திய பழி உண்மையில் அவ்விரு கோடுகளுக்கு உரியது. நல்ல மர்மக் கதை குழந்தையை ஐயப்படச் செய்கிறது. ஆனால் கடைசிப் பக்கம் வரை கோடு போட விடுவதில்லை. முன்கூட்டிப் போட்ட கோட்டை அழிக்கச் செய்து நாணவும் வைக்கிறது. தன் ஐயம் தவறென்று தானே கண்டு முறுவலிக்கும் பயிற்சியைச் சிறுவர்க்கு வேறெந்தப் பாடநூல் தருகிறது?

கேஸ்ட்னரின் நூல்கள் 1933 மே 10 அன்று பெர்லினில் எரிக்கப்பட்டன. எரிவதை அவரே கூட்டத்தில் நின்று கண்டார். எமிலை மட்டும் விட்டுவைத்தனர். ஓவியர் டிரியர் யூதர். 1936 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதே நாட்டின் நூரம்பர்கில் 1938 இல் ஒரு சிறுவர் படநூல் வெளியாயிற்று. அதன் பெயர் 'நச்சுக் காளான்'. தாயும் மகனும் காட்டில் காளான் பறிப்பதில் தொடங்கும் இனிய தொடக்கம்; அழகிய வண்ணங்கள். பின்னர், யூதரை மூக்கின் வளைவு கொண்டு அறிவது எப்படி என்று வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து காட்டும் பக்கம். உறக்கத்தைக் கெடுக்கும் மர்மம் அதில் ஏதுமில்லை. ஐயத்துக்கும் இடமில்லை, எல்லாம் தெளிவு. அதை வெளியிட்ட ஸ்டிரைக்கர் மீது நடந்த வழக்கில் அந்நூலும் சான்றாக வைக்கப்பட்டது. 1946 இல் அவர் தூக்கிலிடப்பட்டார். படநூல் நல்லது, மர்மக் கதை தீயது என்னும் பழைய தீர்ப்பை நான் கைவிட்டது அந்நூலைப் பற்றி அறிந்த பின்னரே.

கடிகாரம் கிடைத்த அன்று மாலை மகனிடம் நடந்ததைச் சொன்னேன். தகரப் பெட்டியைத் திறந்ததையும் சொன்னேன். சொல்லாமலிருக்க மனம் இடங்கொடுக்கவில்லை. அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் அலமாரியிலிருந்து மூன்று படநூல்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குச் சென்றான். அவனுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், உன் பெயரைத்தான் எழுதியிருந்தேன், தப்பு என்னுடையது என்று கூறியது எனக்குக் கேட்டது. அச்சிறுவன் ஏதோ மறுமொழி சொன்னான். அது தெளிவாகக் கேட்கவில்லை. நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்தபடி அமர்ந்திருந்தேன், எழுந்து செல்லவில்லை. தீபாவளிக்கு அவனுக்குப் புதுச் சட்டை ஒன்று வாங்கித் தந்தேன். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஊருக்குச் சென்றவன் திரும்பி வரவில்லை. படநூல்கள் நான்கையும் உடன் கொண்டு போயிருந்தான்.