இடதுகை என்ன செய்கிறது?

ஆடிக்காற்று கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து இறங்கிவிட்டால் திண்டுக்கல்லில் டென்னிஸ் பந்து சொன்ன பேச்சு கேட்காது. ஃபோர்ஹேண்ட் அடிக்கப் போகும்போது கடைசி நொடியில் பந்து அரை அடி தள்ளிப் போகும். கை அவசரப்படும், மணிக்கட்டு மடங்கும், பந்து வலையில் விழும். வேகம் பத்தவில்லை என்று அடுத்ததை இன்னும் ஓங்கி அடிப்போம். அது கம்பிவேலிக்கு அப்பால் போய் விழும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பந்து மட்டையின் நரம்பில் தங்குவது ஒரு விநாடியின் 200-ல் ஒரு பங்கு நேரம்தான். கண் பார்த்து, மூளை சொல்லி, கை கேட்பதற்கு அதைப்போல் சுமார் 40 மடங்கு நேரம் வேண்டும். பட்ட பிறகு திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஃபோர்ஹேண்ட் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது பந்து வருவதற்குள் முடிவாகிவிடுகிறது.

அதனால் வலதுகை ஆட்டக்காரர் கவனிக்க வேண்டியது இடதுகையைத்தான் என்பேன். எதிராளி அடித்தவுடன் மட்டையின் கழுத்தை இடதுகையும் பிடித்தபடி வலப்பக்கம் கொண்டுபோகட்டும். தோள் தானாகத் திரும்பும், இடுப்பும் கூடவே வரும். அதற்கப்புறம் இடதுகை மட்டையை விட்டுவிட்டு, வலைக்கு இணையாகக் குறுக்கே நீளட்டும். உடம்பு தள்ளாடாது, பந்தும் உடம்புக்கு முன்னாலேயே மட்டையில் படும். காற்றடிக்கும் நாளில் மட்டையைப் பின்னால் இழுக்கும் தூரத்தைக் குறைத்து, காலடிகளைக் கூட்ட வேண்டும். குறுக்காக அடிப்பதும் நல்லது. வலை ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் 3 அடிதான். குறுக்கே பந்து விழ இடமும் அதிகம்.

ஓங்கி அடிக்காமல் ஜெயிக்க முடியுமா என்றால், ராமநாதன் கிருஷ்ணன் இருக்கிறார். நாகர்கோவிலில் பிறந்தவர். மென்மையான அடிகளை வைத்துக்கொண்டே 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனையே வீழ்த்தினார். மகன் ரமேஷுக்கும் அதே கைப்பக்குவம். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டர் அவரிடம் தோற்றார். அந்தப் புல்தரைக் காலத்துப் பிடி இன்றைய சிமென்ட் கோர்ட்டில் தோள் உயரம் எழும்பும் பந்துக்கு ஒத்துவராது. பிடியைக் கோச்சிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கிருஷ்ணன்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிதானத்தை.

இன்று காலை காற்று ஏறுவதற்குள் கொஞ்ச நேரம் மெதுவாக அடித்துப் பாருங்கள். பந்து நம் பக்கம் தரையில் குத்துவதற்குள் தோள் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பந்து எங்கே போய் விழுகிறது என்பதை இன்றைக்கு விட்டுவிடலாம். இடதுகை ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றி வாசித்துக்கொள்ளவும்.