எட்டாத உயரம்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகிற சாலையை விட்டுக் கள்ளிக்குப்பத்துக்குள் திரும்பினால், எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. மாலை நாலரை மணிக்கு மேல் அது பையன்களுடைய சொத்து. மூன்று பக்கமும் மதில் சுவர். பந்து சுவரைத் தாண்டினால் அடித்தவன் அவுட். அந்த வீட்டுக்காரரிடம் போய்ப் பந்தைக் கேட்டு வாங்கி வருகிற தண்டனையும் அவனுக்கே. ஆகையால் எங்கள் தெருப் பையன்கள் பந்தைத் தரையோடு அடிக்கப் பழகியிருக்கிறார்கள்.

அடுத்த வீட்டுப் பையனுக்குப் பதினைந்து வயது. அவன் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் டர்னர். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் பையன் கேட்டான்:

"தாத்தா, இப்ப ஆடறவங்கள்ல யாராவது பிராட்மனைப் பிடிக்க முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா முந்திக்கொண்டார். "யாராலயும் முடியாதுடா. முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு அது பின்னாடி ஓடறே? அந்த நேரத்துல நாலு கணக்குப் போடலாமில்ல? நீங்களே சொல்லுங்க சார்."

பையன் பதில் பேசவில்லை. கையில் உருட்டிக்கொண்டிருந்த ரப்பர் பந்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்தச் சிறு காரியம் என் மனத்தில் தைத்துவிட்டது.

முதலில் பையனின் கேள்வியைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மன் 1928 முதல் 1948 வரை 52 டெஸ்ட் பந்தயங்களில் 80 முறை மட்டை பிடித்து 6,996 ரன்கள் எடுத்தார். 29 சதங்கள். சராசரி 99.94. லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி முறையாக ஆட வந்தபோது, இன்னும் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி சரியாக நூறு ஆகியிருக்கும். ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு அவுட்டானார். டர்னரிடம் இதைச் சொன்னேன். "நூத்துக்குப் புள்ளி பூஜ்யம் ஆறு குறைச்சலா? மில்லிமீட்டர்ல அவ்வளவு குறைஞ்சா எங்க ஜாபைத் திருப்பி அனுப்பிடுவாங்க சார்" என்று சிரித்தார்.

மற்றப் பெரிய ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள்? பிராட்மன் காலத்துச் சட்கிளிஃபும் ஹெட்லியும் அறுபதைச் சற்றே தாண்டியவர்கள். நம் டெண்டுல்கர் 200 பந்தயங்கள் ஆடிய பிறகு 53.78. கவாஸ்கர் 51.12. 1983 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில், இந்தியா ஒரு ரன்கூட எடுக்காமல் இரண்டு விக்கெட்டுகளை இழந்திருந்தபோது கவாஸ்கர் உள்ளே வந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சை எதிர்த்து ஆட்டமிழக்காமல் 236 ரன்கள் எடுத்தார். அது அவருடைய முப்பதாவது சதம். பிராட்மனின் 29 அன்று பின்னுக்குப் போனது. ஆனால் அதற்குக் கவாஸ்கருக்கு ஏறக்குறைய நூறு பந்தயங்கள் தேவைப்பட்டன. எண்ணிக்கையைத் தாண்டியாயிற்று, சராசரி அங்கேயே நின்றது.

அந்தக் காலத்து மனிதர்களே வேறு என்பார்கள் சிலர். அந்தக் காலத்துப் பந்து வீச்சு சொத்தை என்பார்கள் வேறு சிலர். சொத்தை என்றால் மற்றவர்களும் தொண்ணூறு எடுத்திருக்க வேண்டுமே! 1932-33-இல் பிராட்மனை அடக்குவதற்கென்றே இங்கிலாந்து, உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசும் தந்திரத்தைக் கையாண்டது. அதில் அவர் சராசரி 56.57 ஆகச் சரிந்தது. அவர் சறுக்கிய அந்தத் தொடரின் சராசரி, கவாஸ்கர், டெண்டுல்கர் இருவரின் வாழ்நாள் சராசரியையும்விட அதிகம். இந்த மனிதரின் பெருமையை யாரும் குறைத்துவிட முடியாது.

ஆனாலும் நாம் பார்க்கத் தவறுகிற பக்கம் ஒன்று உண்டு. ஸ்டீபன் ஜே கூல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி தம் நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி இதே மாதிரிக் கேள்வியை ஆராய்ந்தார். பழைய சூரர்களைப் போல இன்று ஒருவரும் தனித்து உயராததற்குக் காரணம், ஆட்டம் தாழ்ந்ததல்ல. எல்லோரும் நன்றாக ஆடத் தொடங்கிவிட்டதே என்றார். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புழல் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி வற்றினால் நடுவிலிருக்கிற மேடு குன்றுபோல் தெரியும். ஐப்பசியில் நிறைந்தால் அதே மேடு சிறுத்துத் தெரியும். மேடு தேயவில்லை, தண்ணீர் ஏறியிருக்கிறது.

தண்ணீர் ஏறாமல் தடுத்த மதகுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. பிரிஸ்பேன் நகரில் 1931 நவம்பரில், எடி கில்பர்ட் என்ற பழங்குடி வேகப்பந்து வீச்சாளர் பிராட்மனைப் பூஜ்யத்தில் வெளியேற்றினார். அவர் வாழ்ந்த குடியிருப்பை விட்டு வெளியே போகவே அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அவர் பந்து வீசும் முறை பற்றிச் சர்ச்சையும் இருந்தது, உண்மைதான். கடைசிவரை அவர் ஒரு டெஸ்ட் பந்தயம்கூட ஆடவில்லை. அவரைப் போல, அனுமதிச் சீட்டே கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ! அதே பிரிஸ்பேனில் 2021 ஜனவரியில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன், தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். கூலிக் குடும்பத்துப் பிள்ளை, தெருவில் பந்து வீசிப் பழகியவர்.

சின்னப்பம்பட்டியிலிருந்தெல்லாம் பந்து வரத் தொடங்கிய உலகத்தில் 99.94 இனி வராது என்றே நினைக்கிறேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஒருவர் நூறு எடுப்பதைக் கண்டு களிப்பது இன்பந்தான். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்ததால் அந்த நூறு கிடைக்காமல் போகுமென்றால், போகட்டுமே!

இனி அப்பாவின் கேள்வி. எட்ட முடியாதென்றால் ஏன் முயல வேண்டும்? எனக்கும் இது புதிய கேள்வியல்ல. வாலிபத்தில் ஒரு பெரிய நாவலைப் படித்துவிட்டு, இதற்குமேல் நான் என்ன எழுதிக் கிழிக்கப்போகிறேன் என்று ஆறு மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். அதைப் பணிவு என்று எண்ணிக்கொண்டேன். அது அகம்பாவம் என்று பிறகுதான் புரிந்தது. முதலிடம் இல்லையென்றால் எனக்கு எந்த இடமும் வேண்டாம் என்பது பணிவா? கம்பருக்குப் பிறகு எல்லோரும் அப்படி நினைத்திருந்தால் தமிழ் அன்றைக்கே கடையைக் கட்டியிருக்கும். நானும் எழுதியிருக்க மாட்டேன். அதுவே நல்லது என்று சில வாசகர்கள் சொல்லக்கூடும். அது வேறு விஷயம்.

டர்னரிடம் கேட்டேன்: "உலகத்திலேயே முதல் டர்னர் நீங்கதானா?"

"நல்லாக் கேட்டீங்க சார்! எங்க பட்டறையிலேயே என்னைவிடக் கைகாரர் ரெண்டு பேர் இருக்காங்க."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு ஜாபுக்கும் மைக்ராமீட்டரை வைச்சு அளக்கறீங்க?"

"ஜாபு சரியா இருக்க வேணாமா? அளவு ஜாபுக்குத்தானே, எனக்கும் அவங்களுக்கும் போட்டியா என்ன…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் கவலையும் நியாயமானது. ஆயிரம் பையன்கள் ஆடினால் ஒருவனுக்குக்கூட அது சோறு போடுவது நிச்சயமில்லை. கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு ஆடச் சொல்ல நான் யார்? அதனால் பையனிடம் இரண்டே விஷயங்கள் சொன்னேன். பிராட்மன் 1928-இல் தம் முதல் டெஸ்டில் 18, 1 என்று எடுத்து, அடுத்த பந்தயத்தில் வெளியே உட்கார வைக்கப்பட்டார். தம் டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் அவர் அடித்த சிக்ஸர்கள் ஆறே ஆறு.

"அப்ப அவரும் தரையோடதான் அடிப்பாரா தாத்தா?" என்று பந்தை வெளியே எடுத்தான்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"ஆறு மணிக்குள்ள வந்துடணும்" என்றார்.