எனக்கு வந்த கண்டத்தை என் நாய் வாங்கிக்கொண்டதா?

கேள்வி: ஐயா, கணவர் காலமான பிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை எங்கள் நாய் மணிதான். வயதாகி, சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப்ஸ் ஏற்றுகிறோம். இந்த நேரத்தில் என் மார்பில் ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், முடிவு அடுத்த வாரம் வரும். "உனக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு, இனி உனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார் என் நாத்தனார். அதைக் கேட்டதிலிருந்து மணியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்படியெல்லாம் நடக்குமா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: நடக்காது அம்மா. உங்கள் நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை மணியின் உயிர். அதனால்தான் உங்கள் மனம் அதை ஏற்க மறுக்கிறது, மறுப்பதும் சரிதான். வினைப்பயனை முழுதாக நம்புகிறவர்கள்கூட, அவரவர் செய்தது அவரவரைச் சேரும் என்றுதான் சொல்வார்கள். வயதான நாய்களுக்குச் சிறுநீரகம் தளர்வது பரவலாக வருகிற நோய். உங்கள் கட்டி வேறு விஷயம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. முடிவு எதுவானாலும் மணிக்கு அதில் பங்கில்லை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. 1948 ஜூன் 18 அன்று லட்சுமியின் உயிர் பிரியும் நேரத்தில் ரமணர் அதன் அருகில் போய் உட்கார்ந்து, தலையிலும் நெஞ்சிலும் கை வைத்திருந்தார். பிறகு அவருடைய இடது கையிலேயே புற்றுக்கட்டி வந்தது. 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. ஞானிக்கு எதற்கு டாக்டர் என்று அவர் விலகவில்லை. பசுவுக்குப் பக்கத்தில் இருந்தார். தன் உடம்பை மருத்துவர்களிடம் ஒப்படைத்தார். உங்களுக்கும் இப்போது இந்த இரண்டு வேலைகள்தான்.

கேள்வி: "இவ்வளவு பாசம் வைத்தால் அடுத்த பிறவியில் நாயாகப் பிறப்பாய். ஜடபரதர் மானாகப் பிறக்கவில்லையா?" என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்களே?

பதில்: பாகவதக் கதையை அவர்கள் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். தாயை இழந்து ஆற்றில் தத்தளித்த மான்குட்டியைப் பரதர் தூக்கிக் காப்பாற்றினாரே, அது கருணை. அந்த நினைப்பிலேயே மூழ்கித் தன் அன்றாடக் கடமைகளைக் கைவிட்டார், இடறியது அங்கேதான். மானாகப் பிறந்தபோதும் முற்பிறவி நினைவு அவருக்கு இருந்தது; அடுத்த பிறவியில் ஞானியாகவே வாழ்ந்தார். உங்களுக்கு இதில் உள்ள எச்சரிக்கை ஒன்றுதான்: மணியைக் கவனிக்கிறேன் என்று உங்கள் ஆஸ்பத்திரி தேதியைத் தவறவிடாதீர்கள்.

இன்னொரு கதையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கூட வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றான் இந்திரன். நம்பி வந்த உயிரைக் கைவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். நாயாக வந்தது தருமதேவதையே என்கிறது மகாபாரதம்.

கேள்வி: மணிக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்ளலாமா? "என் ஆயுளில் பாதியை அதற்குக் கொடு" என்று ஒருநாள் வேண்டிவிட்டேன்.

பதில்: தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். வைத்தீஸ்வரன்கோயில் உங்களுக்குப் பக்கம்தானே? ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று அங்கே ஜடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். ஒரு பறவைக்கு அந்த மரியாதை கிடைத்த தலத்தில் நாய்க்காக நிற்க என்ன கூச்சம்? ஆயுள் பேரம் மட்டும் வேண்டாம். அன்று சொன்னதைச் சுவாமி பெற்ற மனதின் புலம்பலாகத்தான் கேட்டிருப்பார். "அதன் வலியைக் குறை, எனக்குத் தைரியம் கொடு" என்று கேட்டால் போதும்.

ரிப்போர்ட் வாங்கப் போகும்போது நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் உங்களை நினைத்துப் பயம். அதைத்தான் அப்படிச் சொல்லிவிட்டார். சிகிச்சை தேவை என்றால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மணிக்கு மருந்து பலிக்காமல் போனால் துக்கப்படுங்கள், அழுங்கள். ஆனால் அதை உங்களுக்கான சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தாலும் மணிக்குக் கடன்பட்டதாக நினைத்து வருந்த வேண்டாம். இத்தனை வருடம் உங்களோடு இருந்ததற்கு மட்டும் அதற்கு நன்றி சொல்லுங்கள்.