கண்டிராக்டரின் வகுப்பும் அரசாங்கத்தின் தர்மமும்

அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடத்தையோ பாலத்தையோ கட்டுவிக்க முற்படும்போது, கட்டித் தர முன்வருவோர் அனைவரையும் சமமாக வைத்து எண்ணாமல், பொதுப்பணித் துறையில் பதிந்துகொண்ட கண்டிராக்டர்களை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தரம் பிரித்து, இன்ன வகுப்பார் இத்தனை ரூபாய் வேலைக்கே டெண்டர் போடலாம் என்று எல்லை வகுத்திருப்பது நியாயந்தானா என்ற கேள்வி, மேலுக்கு நிர்வாக விஷயமாகத் தோன்றினாலும், ஆழ்ந்து நோக்கின் தர்ம விசாரமே ஆகும்.

எல்லையே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. டெண்டரின் முடிவில் ஏற்படுவது அரசாங்கமும் கண்டிராக்டரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. கட்டப்படும் பள்ளிக்கூடத்தின் கூரையின்கீழ் உட்காரப்போகும் குழந்தை அதில் கையொப்பமிடுவதில்லை. குறைந்த தொகை கேட்டான் என்ற ஒரே காரணத்துக்காக, அஸ்திவாரம் தோண்டியபின் பணமும் ஆளும் இன்றிப் பாதியில் விட்டுப் போகக்கூடியவனிடம் வேலையை ஒப்படைப்பது சிறியவனுக்குக் காட்டும் கருணை ஆகாது. அக்குழந்தைக்கு இழைக்கும் துரோகமே ஆகும்.

எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் சங்கடம். மத்திய விஜிலென்ஸ் கமிஷன் 2002 டிசம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடந்த ஏழு ஆண்டுகளில், மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஒத்த வேலைகள் மூன்றையோ, 50 சதவீதத்துக்குக் குறையாத இரண்டையோ, 80 சதவீதத்துக்குக் குறையாத ஒன்றையோ முடித்தவனே யோக்கியதை பெற்றவன். 40 லட்ச ரூபாய் வேலைகள் மூன்றை முடித்தவன் ஒரு கோடி ரூபாய் வேலைக்கு வரலாம் என்பதால், படிப்படியாக உயர இதில் வழி இருக்கிறது. நிபந்தனைகள் மிகக் கடுமையாகவோ மிகத் தளர்வாகவோ இருத்தல் கூடாது என்பதே அச்சுற்றறிக்கையின் நோக்கம். ‘ஒத்த வேலை’ என்பதற்கு ஒரே ஒருவனுக்குப் பொருந்தும்படி இலக்கணம் எழுதும் அதிகாரி, விதியை மீறாமலே அதர்மம் செய்கிறான்.

அதனினும் கொடியது வேறொன்று உண்டு. உயர்ந்த வகுப்பில் பதிந்தவன் தன் பெயரில் வேலையை எடுத்து, கமிஷனைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த வகுப்பினனிடம் உள்குத்தகைக்கு விட்டுவிடுகிறான். வெயிலில் நின்று கான்கிரீட் போட்டவன் ஒருவன். அனுபவச் சான்றிதழ் பெறுகிறவன் மற்றொருவன். அச்சான்றிதழே அடுத்த டெண்டருக்கு யோக்கியதை ஆவதால், கட்டாதவன் மேன்மேலும் உயர, கட்டியவன் பத்து ஆண்டு உழைத்தபின்பும் ஏட்டில் அனுபவமற்றவனாகவே நிற்கிறான். கமிஷனாகப் போன தொகை சிமெண்டிலோ கம்பியிலோ கூலியிலோ குறைந்தே தீரும் அன்றோ! சக்தியை அளப்பதற்கென்று ஏற்பட்ட தரம் வாடகைக்கு விடும் சொத்தாகிவிட்டால், சிறியவனைத் தடுத்துவைக்கும் உரிமையையே அரசாங்கம் இழந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கண்டிராக்டர்களை ஒன்று முதல் ஒன்பது வரை தரம் பிரித்திருப்பினும், வளரும் தகுதியுடையவன் என்று கண்டவனுக்கு, அவனுக்கு வேண்டிய உதவியை உறுதிசெய்துகொண்டு, ஒரு படி மேலான வேலையையும் அரசுத் துறைகள் தரலாம் என்று விதி செய்திருக்கின்றனர். பாதுகாப்பும் இரக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பெயரை வாடகைக்கு விடுகிறவனின் பதிவு ரத்தாக வேண்டும். உள்குத்தகை தவிர்க்க முடியாத இடத்தில், அது எழுத்தில் பதிவாகி, கட்டியவன் பெயருக்கே சான்றிதழ் செல்ல வேண்டும். இவ்விரண்டையும் செய்ய மனமில்லாத துறைக்கு, வகுப்புப் பட்டியலைக் காட்டி எவனையும் வாசலிலிருந்து திருப்பியனுப்பும் அதிகாரம் தர்மப்படி இல்லை.