வாசிப்பும் எழுத்தும்: காலனிய அமெரிக்கக் கல்வியில் ஓர் அறவினா

கல்வியை ஒருவர்க்கு அளிப்பவர், அதன் பயனுக்கு எல்லை வகுக்கும் உரிமையும் உடையவரா? இவ்வினாவைக் காலனிய அமெரிக்கக் கல்வி வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1647இல் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் வாழும் ஊர் வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கும் ஆசிரியரை அமர்த்தவும், 100 குடும்பங்கள் வாழும் ஊர் இலக்கணப் பள்ளி நிறுவவும் பணித்தது. திருமறை அறிவிலிருந்து மக்களை விலக்கி வைப்பது சாத்தானின் சூழ்ச்சி என்பது அச்சட்டம் கூறும் காரணம். எனவே, எழுத்தறிவு அங்கு முதன்மையாக ஆன்ம மீட்புக்குரிய கருவியாகக் கருதப்பட்டது எனலாம்.

சட்டம் இரண்டையும் சுட்டினும், நடைமுறையில் வாசிப்பு முதலிலும் எழுத்து அதன்பின் தனியாகவும் கற்பிக்கப்பட்டன. வாசிக்கக் கற்ற பெண்கள் பலர்க்கு எழுதும் பயிற்சி கிட்டவில்லை. இப்பாகுபாட்டின் உட்பொருளைத் தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படுத்துகிறது. 1739இல் நிகழ்ந்த ஸ்டோனோ அடிமைக் கிளர்ச்சியை அடுத்து எழுந்த அச்சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போர்க்கு 100 பவுண்டு தண்டம் விதித்தது. வாசிக்கக் கற்பிப்பதைத் தடை செய்யவில்லை. வாசிப்பவர் பிறர் சொல்லை ஏற்பவர். எழுதுபவர் தம் சொல்லைப் பிறர்க்கு உரைப்பவர். ஆள்வோர் அஞ்சியது பின்னதையே என்பது இதனால் புலனாகிறது.

எல்லைக்குட்பட்ட கல்வியும் கல்லாமையினும் நன்றன்றோ எனச் சிலர் கருதலாம். ஃபிலிஸ் வீட்லியின் வாழ்வு இங்கு நோக்கத்தக்கது. 1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொணர்ந்து விற்கப்பட்டபோது அவர் ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுமி. கப்பலின் பெயரே அவர்க்கும் பெயராயிற்று. உடைமையாளர் இல்லத்தில் கல்வி பெற்ற அவரது கவிதைத் தொகுதி 1773இல் இலண்டனில் வெளிவந்தது. பாடல்கள் அவர் இயற்றியவையே என ஆளுநர் உள்ளிட்ட பாஸ்டன் பெருமக்கள் 18 பேர் அளித்த சான்றுரை அந்நூலில் இடம்பெற்றது. கவிதையின் தகுதியை மதிப்பிடுமுன், அதனை எழுத வல்லவரா என்பதே ஐயத்திற்குள்ளானது.

எனினும், 1774இல் மோகீகன் குடியைச் சார்ந்த சமயப் போதகர் சாம்சன் ஒக்கம் அவர்களுக்கு வீட்லி எழுதிய மடல் இதழ்களில் வெளிவந்தது. விடுதலை வேட்கையை இறைவனே மனித உள்ளத்தில் அமைத்தான் என்று கூறும் அவர், தமக்கு விடுதலை வேண்டிப் பிறரை ஒடுக்குவோரின் முரணையும் சுட்டுகிறார். மறை பயிலப் பயன்பட்ட எழுத்தே, இறைவன் பெயரால் உடைமையாளரை வினவியது. எல்லைக்குட்பட்ட கல்வி நன்மை பயந்தது உண்மையே; ஆயினும் கற்றவர் அவ்வெல்லையைக் கடந்ததனாலேயே அந்நன்மை விளைந்தது.

ஆதலின், ஒரு கல்விமுறையை மதிப்பிடுங்கால் எத்துணைப் பேர் கற்றனர் என்பதோடு, கற்றவர் தம் சொல்லை எழுத இடம் பெற்றனரா என்பதும் கேட்கத்தக்க வினாவாகும்.